பட்டா மாறுதல்: தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் காரியம் முடிக்கும் வழி

வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் பட்டா கேட்கிறார்கள். பயிர்க் கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் பட்டா வேண்டும். ஆனாலும் அப்பா இறந்து பல வருடம் ஆன பிறகும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கிற வீடுகள் இல்லாத ஊர் கிடையாது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "தாலுகா ஆபீசுக்கு யாரு அலையிறது?"

அந்த அலுப்பு நியாயமானது. தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு முறை தாலுகா அலுவலகம் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. கணவரை இழந்த பெண்ணுக்கு, கூட வர ஆளில்லாத முதியவருக்கு அந்த அலைச்சல் இன்னும் பெரிய சுமை. சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிந்தவருக்கு ஏற்படும் எரிச்சலையும் இவர்கள் படும் பாட்டையும் ஒன்றாக எண்ண முடியாது. இந்த அத்தியாயம் முதலில் இவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

இதில் சொல்லப்போவதன் சாரம் சின்னது. அரசு அலுவலகத்தில் வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். வாயால் வந்த பதிலுக்கு யாரும் பொறுப்பில்லை. எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகை வாங்கி, நாளை எண்ணிக்கொண்டு, அடுத்த கடிதத்தையும் எழுத்தில் கொடுப்பவரின் கோப்பு ஒதுங்கிக் கிடப்பது கடினம். பட்டா மாறுதலை எடுத்துக்காட்டாக வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம். வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை என்று வேறு எதற்கு மனுப் போட்டாலும் முறை இதுவேதான்.

பத்திரம் வேறு, பட்டா வேறு

கிரயப் பத்திரம் பதிவுத் துறையின் வேலை. சார்பதிவாளர் அலுவலகத்தில் முடியும். பட்டா வருவாய்த் துறையின் வேலை. வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். பத்திரம் பதிவானால் பட்டாவும் தானாக வந்துவிடும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இப்போது சில இனங்களில் அப்படி வருகிறது என்பது உண்மை. விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்து, புல எண்ணில் உள்ள நிலம் முழுவதும் கைமாறினால், பதிவு முடிந்ததும் கணினி வழியே பட்டா மாறிவிட வாய்ப்பு உண்டு. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தாலோ, விற்றவரின் தாத்தா பெயரில் பட்டா இருந்தாலோ அது நடக்காது. நீங்கள்தான் மனுப் போட வேண்டும்.

ஆகவே பத்திரம் கைக்கு வந்ததும் வருவாய்த் துறையின் இணையப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்து, பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஊரில் ஒரு இளைஞரின் செல்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பட்டா வருவாய்ப் பதிவேட்டின் சாட்சி. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் பட்டா மட்டுமே முடிவான ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பங்காளிகளுக்குள் உரிமைத் தகராறு இருந்தால் வட்டாட்சியர் அதைத் தீர்த்துவைக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் தாலுகா அலுவலகத்துக்கு நடப்பது வீண் நடை.

மனு எந்த மேசைக்குப் போகிறது?

மனு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அலைபவர்தான் அதிகம் அலைகிறார். பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டா மாறுதல் இரண்டு வகை. புல எண் பிரியாமல் பெயர் மட்டும் மாறுவது உட்பிரிவு இல்லாத மாறுதல். ஒரு புல எண்ணை அளந்து 112/3அ, 112/3ஆ என்று பிரிக்க வேண்டியிருந்தால் அது உட்பிரிவு உள்ள மாறுதல். முதல் வகையில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை முக்கியம். பொதுவாக மண்டலத் துணை வட்டாட்சியர் அளவில் அது முடியும். இரண்டாம் வகையில் சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் கோடு போட்டு, அதன் பிறகே வட்டாட்சியரின் ஒப்புதலுக்குப் போகும். உட்பிரிவு இல்லாததற்கு 15 நாள், உட்பிரிவு உள்ளதற்கு 30 நாள் என்பது அரசு வகுத்த கால அளவு. இந்த இரண்டு எண்களையும் மறக்காதீர்கள். இனி நீங்கள் எழுதப்போகும் கடிதங்கள் எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கும்.

தாமதத்துக்கு உண்மையான காரணங்களும் உண்டு. ஒரு கிராம நிர்வாக அலுவலர் தன் கிராமத்தோடு பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், புயல் வந்தால் சேதக் கணக்கு, பள்ளி திறந்தால் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று எல்லாம் அவர் தலையில்தான் விழுகின்றன. பழைய கணக்குப்பிள்ளை, மணியக்காரர் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டது. அவர்கள் பார்த்துவந்த கிராம வேலை இன்று இந்த ஒரு அலுவலரிடம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு மரியாதையோடு பேசுங்கள். ஆனால் அவருக்கு வேலை அதிகம் என்பதற்காக உங்கள் உரிமை குறைந்துவிடாது.

மனுப் போடும் முன் செய்ய வேண்டியது: பெயரும் அளவும்

திரும்பி வருகிற மனுக்களில் பல, பெயர்ப் பொருத்தம் இல்லாமல் திரும்புகின்றன. நம் ஊரில் ஒருவருக்கே எத்தனை பெயர்! பத்திரத்தில் "சுப்பையா மகன் முத்து." பட்டாவில் "முத்துசாமி." ஆதாரில் "எஸ். முத்துச்சாமி." இறப்புச் சான்றில் "முத்துசாமி, த/பெ. சுப்பய்யா." குடும்பத்துக்கு அவர் ஒரே ஆள். கணினிக்கும் கோப்புக்கும் நாலு ஆள்.

அதனால் ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போடுங்கள். பத்திரம், பட்டா, ஆதார், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றிலும் பெயர், தந்தை பெயர், இனிஷியல் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அடியில் இருக்கிற ஆவணத்தைத் திருத்துங்கள். இறப்புச் சான்றில் பிழை என்றால், அதைப் பதிவு செய்த உள்ளாட்சி அமைப்பின் பதிவாளரிடம் மனுக் கொடுங்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் பிழை திருத்த வழி இருக்கிறது. இறப்புச் சான்று சரியான பிறகு வாரிசுச் சான்று, அதன் பிறகு பட்டா. இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும்.

வாரிசுச் சான்றில் யாரையும் விட்டுவிடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய் ஆகியோர் சமமாக வருகிறார்கள். "கட்டிக்கொடுத்த பொண்ணு பேரு எதுக்கு?" என்று மகள் பெயரை விடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது அநியாயம். அதோடு சிக்கலும்கூட. விடுபட்டவர் பின்னால் ஆட்சேபித்தால் பட்டாவே ரத்தாகலாம். எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். ஒருவர் பெயருக்கு மட்டும் வேண்டும் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. பத்திரம் ஏக்கர், சென்ட் கணக்கில் இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். பட்டாவில் "0 - 12.50" என்று இருந்தால் ஹெக்டேர் பூஜ்யம், ஏர் பன்னிரண்டரை என்று பொருள். அது சுமார் 30.9 சென்ட். உங்கள் பத்திரத்தில் 31 சென்ட் என்று இருந்தால் பதற வேண்டாம், அலகு மாறும்போது வருகிற சிறு வித்தியாசம் அது. பத்திரத்தில் 31 சென்ட் இருக்க, பட்டாவில் 10 ஏர்தான் இருக்கிறது என்றால் ஆறு சென்டுக்கு மேல் குறைகிறது. அப்போது அளந்து பார்க்கக் கேட்க வேண்டும்.

பழைய பத்திரங்களில் இருக்கும் புல எண் இன்றைய புல எண்ணாக இல்லாமலும் இருக்கலாம். 1979-இல் தொடங்கி அடுத்த பத்தாண்டில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர் வழக்கில் யூ.டி.ஆர். என்று சொல்வார்களே, அதில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது பெயரும் அளவும் தவறாக ஏறிய இடங்கள் பல. "யூ.டி.ஆர். பிழை" என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். கிராமத்தின் அ-பதிவேட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதன் நகலை வாங்கி மனுவோடு இணையுங்கள். இந்தப் பிழைகளைத் திருத்தும் அதிகாரம் வட்டாட்சியருக்கு மேலே கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் அளவில் இருக்கிறது. உங்கள் பிரச்சினை இதுதான் என்று தெரிந்தால் சாதாரணப் பட்டா மாறுதல் மனுவைத் திரும்பத் திரும்பப் போடாமல் நேராக அங்கே மனுச் செய்யுங்கள்.

மனுக் கொடுக்கும் நாள்

பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்திலோ, இணையத்தில் நீங்களாகவோ விண்ணப்பிக்கலாம். கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பட்டா, அடையாள அட்டை ஆகியவற்றையும், வாரிசு வழி என்றால் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் ஒரே முறையில் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். மங்கலான நகல் ஒன்று போதும், "ஆவணம் தெளிவில்லை" என்று திருப்புவதற்கு. மையத்தில் விண்ணப்ப எண்ணோடு கூடிய ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் ஏறுகிற செல்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். மையத்துக்காரரின் எண்ணைப் போட்டுவிட்டால் உங்கள் மனு திரும்பிய செய்தி அவருக்குத்தான் போகும்.

தாளில் கொடுக்கிற மனுக்களுக்கு வேறு ஒழுங்கு. இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு வட்ட முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை வைக்க மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பிவிடுங்கள். தபால் ரசீதே உங்கள் முத்திரை.

மனுவுக்கு அலுவலகம் ந.க. எண் ஒன்று கொடுக்கும். எடுத்துக்காட்டாக "ந.க.எண் 2145/2024/அ3" என்று இருந்தால், கடைசியில் உள்ள அ3 என்பது அந்தக் கோப்பைப் பார்க்கும் பிரிவு எழுத்தரின் இருக்கை. அலுவலகத்துக்குள் போய் "என் பட்டா என்னாச்சு?" என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டுவார்கள். "அ3 பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டால் நேராக அந்த மேசைக்குப் போகலாம்.

குறை தீர்க்கும் மனுக்களுக்கு 3 நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் தமிழக அரசின் ஆணைதான். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 99, நாள் 21.9.2015. நினைவூட்டுக் கடிதத்தில் இந்த எண்ணையும் நாளையும் எழுதுங்கள். எழுதியவர் விதி தெரிந்தவர் என்பது படிக்கிறவருக்கு உடனே தெரியும்.

கேட்டுக் கேட்டுச் சலித்த பதில்களும், நீங்கள் சொல்ல வேண்டியதும்

*"நாளைக்கு வாங்க."* போகாதீர்கள். "சரிங்க ஐயா, எந்தத் தேதியில் முடியும் என்று இந்த மனு நகலில் குறித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். குறித்துக் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் வீட்டுக்கு வந்து, "இன்று நேரில் வந்தபோது நாளை வருமாறு கூறப்பட்டது" என்று தேதி போட்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். வாய்ச்சொல் இப்படித்தான் பதிவாகிறது.

*"வி.ஏ.ஓ. ரிப்போர்ட் இன்னும் வரலை."* அறிக்கை கேட்டுக் கோப்பு கிராம நிர்வாக அலுவலருக்கு எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். பிறகு அவரைப் பாருங்கள். அவரோ "நான் அனுப்பிட்டேனே" என்று சொன்னால், அனுப்பிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தேதியும் கையில் இருந்தால் கோப்பு எங்கே நிற்கிறது என்பதில் சந்தேகம் இருக்காது.

*"சர்வேயர் இல்லை, லீவு."* உட்பிரிவு மனுக்கள் தேங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அளக்க வரும் நாளை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கக் கேளுங்கள். அந்த நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களையும் வரச் சொல்லுங்கள். அவர்கள் இல்லாமல் அளந்தால் ஆட்சேபம் வந்து இரண்டாம் முறை அளக்க நேரும். வரப்பும் கல்லும் தெரியும்படி முள், புதர் எல்லாவற்றையும் முதல் நாளே வெட்டிவைத்திருங்கள்.

*"சார் கேம்ப் போயிருக்கார்."* அலுவலர் இல்லாத நாளிலும் தபால் பிரிவு இயங்கும். அவரைப் பார்த்துக் கையில் கொடுத்தால்தான் மனு செல்லும் என்பதில்லை. கடிதத்தை அங்கே கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். போன நடை வீண் போகவில்லை.

நாள் கடந்தால் ஏற வேண்டிய படிகள்

15 அல்லது 30 நாள் முடிந்த மறுநாள் வட்டாட்சியருக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம். விண்ணப்ப எண், தேதி, கடந்த நாட்கள், வேண்டுவது என்ன என்று நான்கு வரி போதும். குடும்பக் கதை வேண்டாம்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். ஆட்சியரிடம் கொடுத்த மனுவும் முதல்வருக்கு அனுப்பிய மனுவும் கடைசியில் அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் அனுப்பப்படும். "மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதி முடித்துவைப்பார்கள். பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். அதனால் மேலிடத்து மனுவில் "பட்டா வழங்க வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "இன்ன எண், இன்ன தேதி விண்ணப்பம் 15 நாள் வரம்பைக் கடந்து நிலுவையில் உள்ளது. பட்டா வழங்கவோ, காரணம் காட்டி எழுத்தில் உத்தரவிடவோ வட்டாட்சியருக்கு அறிவுறுத்த வேண்டும்" என்று எழுதுங்கள். கேள்வி துல்லியமாக இருந்தால் மழுப்பலான பதிலை வைத்து முடித்துவைப்பது சிரமம்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஜமாபந்தியையும் விட்டுவிடாதீர்கள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அது முடியும் தறுவாயில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்த் தீர்வாயம் நடக்கும். உங்கள் குறுவட்டத்துக்கு உரிய நாளில் கிராமக் கணக்குகள் எல்லாம் ஒரே மேசைக்கு வரும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மேலதிகாரி எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். "அவர் அனுப்பவில்லை, இவர் அனுப்பவில்லை" என்ற பேச்சுக்கு அன்று இடமில்லை.

தகவல் கேட்கும் மனு

இத்தனைக்கும் அசையாத கோப்பை அசைக்க நம் கையில் இருக்கும் வலுவான கருவி, தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. தகவல் உரிமைக்கு 1997-லேயே மாநில அளவில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. இப்போது நடைமுறையில் இருப்பது நாடு முழுமைக்குமான 2005 சட்டம். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக மனுவில் ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.

பலர் செய்யும் தவறு, "என் மனுவை ஏன் தாமதம் செய்கிறீர்கள்?" என்று கேட்பது. அந்தச் சட்டம் அலுவலகத்தில் உள்ள பதிவைத்தான் தரும், விளக்கம் தராது. "ஏன்" என்ற கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிடுவார்கள். தேதியும் நகலும் கேளுங்கள். மாதிரி இது:

> பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், (ஊர்).
>
> பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோருதல்.
>
> ஐயா / அம்மா,
>
> (தேதி) நாளிட்ட எனது பட்டா மாறுதல் விண்ணப்பம் எண் (……) தொடர்பாகக் கீழ்க்கண்ட தகவல்களை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. இவ்விண்ணப்பம் பெறப்பட்ட நாள் முதல் இன்று வரை எடுக்கப்பட்ட நடவடிக்கை, தேதி வாரியாக.
>
> 2. விண்ணப்பம் ஒவ்வொரு அலுவலரிடமும் எத்தனை நாள் இருந்தது என்ற விவரம், அவர்களின் பதவிப் பெயருடன்.
>
> 3. இக்கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, நில அளவர் அறிக்கை ஆகியவற்றின் நகல்கள்.
>
> 4. இவ்வகை விண்ணப்பத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கால அளவைக் குறிக்கும் ஆணையின் நகல்.
>
> 5. முதல் மேல்முறையீட்டு அலுவலரின் பதவிப் பெயரும் முகவரியும்.
>
> கட்டணம் ரூ. 10 நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டப்பட்டுள்ளது.
>
> (கையெழுத்து, முழு முகவரி, நாள்)

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். எந்த மேசையில் எத்தனை நாள் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தால், பதில் எழுதுவதற்கு முன்பே கோப்பை முடித்துவிடலாம் என்று அலுவலகம் நினைக்கக்கூடும். இந்த மனுப் போன பிறகு, தகவல் வருவதற்கு முன்பே பட்டா வந்துவிடுவதும் உண்டு.

தகவல் தர 30 நாள் அவகாசம். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கேயும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. உரிய காரணமின்றித் தகவல் மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 30 நாள் தாண்டிவிட்டால் நகல்களைக் கட்டணம் இல்லாமலே தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

நிராகரித்தால்

நிராகரிப்பும் ஒரு பதில்தான். நிலுவையைவிட அது மேல். ஏனென்றால் அதற்கு மேல்முறையீடு உண்டு. காரணத்தைக் குறிப்பிட்ட உத்தரவின் நகலை வாங்குங்கள். ஆவணக் குறை என்றால் அதைச் சரிசெய்து புது மனுப் போடுவதே விரைவு. காரணம் தவறு என்றால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு மனு உண்டு. காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் உத்தரவு கைக்கு வந்த வாரத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்.

உத்தரவே போடாமல் இழுத்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ நீதிப்பேராணை கேட்கலாம். மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவிடுங்கள் என்று நீதிமன்றம் ஆணையிடுவது வழக்கமாக நடக்கிறது. அதற்குத் தேவை, நீங்கள் மனுக் கொடுத்ததற்கான ஒப்புகை. தொடக்கத்தில் வாங்கிவைத்த முத்திரையின் மதிப்பு அங்கே தெரியும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும்.

"பார்த்துச் செய்ங்க" என்று கேட்டால்

கொடுக்காதீர்கள். கொடுப்பது உங்களுக்கு மட்டும் இழப்பில்லை. உங்கள் பின்னால் வரிசையில் நிற்கிற, கொடுக்க இல்லாத மனிதரின் கோப்பு உங்களால் கீழே போகிறது. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

கேட்டவுடன் மறுப்பும் சொல்லாமல், ஒப்புக்கொள்ளவும் செய்யாமல் வெளியே வந்து, ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையின் மாவட்டப் பிரிவை அணுகுங்கள். யார், எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த வேலைக்குக் கேட்டார் என்று புகாரில் எழுத வேண்டும். அவர்கள் வழக்குப் பதிந்து, பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவரின் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவும்போது நீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நீரே நீதிமன்றத்தில் சாட்சி. புகார் கொடுக்கிறவர் தயங்குவது இயற்கை. கிராமத்தில் அந்த அலுவலரின் முகத்தில் நாளையும் விழிக்க வேண்டுமே என்ற பயம் இருக்கும். தனியாகப் போகத் தயங்கினால் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டிய கோப்பு

ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு நோட்டு போதும். இவை இருக்கட்டும்:

- பெயர்ப் பொருத்தம் பார்த்த தாள்
- எல்லா ஆவணங்களின் இரண்டு செட் நகல்கள் (அசலைக் காட்டுங்கள், எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்)
- விண்ணப்ப ரசீது, முத்திரை வைத்த மனு நகல்கள், தபால் ரசீதுகள், தேதி வரிசையில்
- நோட்டில் ஒவ்வொரு முறையும்: தேதி, யாரைப் பார்த்தேன் (பதவி), என்ன சொன்னார்
- 15 நாள், 30 நாள் முடியும் தேதிகள், நாட்காட்டியில் குறித்தபடி

இந்த நோட்டோடு போகிறவரிடம் அலுவலர்கள் பேசும் விதமே மாறும். சத்தம் போட வேண்டியதில்லை, ஆளைப் பிடிக்க வேண்டியதில்லை. "அம்மா, பன்னிரண்டாம் தேதி வந்தபோது அறிக்கை இருபதாம் தேதி வரும் என்றீர்கள், இன்று இருபத்திரண்டு" என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த நூலை வாங்கிப் படிக்கிற உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும், இணையத்தில் பார்க்கத் தெரியும், நாலு வரிக் கடிதம் எழுத வரும். உங்கள் தெருவில் அது வராத ஒருவர் இருப்பார். கணவர் பெயரில் உள்ள வீட்டைத் தன் பெயருக்கு மாற்றத் தெரியாமல் இருக்கிற அம்மா இருப்பார். உங்கள் வேலையை முடித்ததும் அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் முதல் நாள் கூடப் போய் முத்திரை வாங்கிக் கொடுங்கள். பட்டா அவருடைய உரிமை. அதை எழுத்தில் கேட்க ஒரு ஆள் இல்லை என்பதற்காக அவர் அதை இழக்கக் கூடாது.